செட்டு சேர்த்துக்கிட்டு வாங்க

எங்கள் கடையில் தைக்கிற சட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அது ஆம்பிளைச் சட்டையும் இல்லை, பொம்பிளைச் சட்டையும் இல்லை. புடவைக்கு மேல் போடுகிற சட்டை. வெயிலில் வேலை செய்கிற பெண்கள் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பார்த்தும் யாரும் அதை ஒரு உடையாக நினைத்ததில்லை. உயிர் போன சட்டைக்குக் கடைசி வேலை, அவ்வளவுதான். தோள் தொங்கும். இடுப்பில் கொசுவம் முட்டும். மார்புப் பைக்குள் சிமெண்டு விழும். குனிந்தால் செல்போன் கலவையில் விழும்.

அதற்கு உட்கார்ந்து அளவெடுத்தவர் மஸ்தான் பாய் ஒருவர்தான். திருவண்ணாமலை தேரடித் தெருவுக்குப் பின்னால் அவருக்குத் தையல் கூடம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தவர், எதிரே கட்டடம் எழும்பியபோது சித்தாள் பெண்கள் சட்டையோடு படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு ஒன்றை வெட்டிப் பார்த்தார். மார்புப் பையை எடுத்துவிட்டு உள்பக்கம் மூடியோடு ஒரு பை வைத்தார். இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் வெட்டு விட்டார். கை நுனியில் கட்டைவிரலை மாட்ட ஒரு வளையம், சட்டி தூக்கும்போது கை மேலே ஏறாமல் இருக்க. துணியும் கஞ்சி போட்ட மினுக்குத் துணி இல்லை. வேர்வையைக் குடிக்கிற துணி.

நான் சக்திவேல். அங்கே பார்சல் கட்டுகிறவன். அதற்கு முன் கீழ்பென்னாத்தூர் மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கினேன்; நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முதுகு போனதால் இந்த வேலைக்கு வந்தேன். அதனால் ஒரு சட்டை உழைக்கிற உடம்புக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டை நல்ல சட்டை.

அதை ஆன்லைனில் ஏற்றியவள் ரூக்ஸார். எங்கள் கூடத்தில் பட்டன் துளை போடும் குர்ஷித் பேகத்தின் மகள். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் தள்ளுபடிப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, பிடிக்காமல் திரும்பி வந்தவள். ஏன் பிடிக்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க என் வேலை இன்னா தெரியுமாண்ணா? சலுகை எல்லார் கண்ணுக்கும் தெரியணும், யார் கைக்கும் சுலுவா கெடைக்கக்கூடாது. அதுக்கு ஏத்தமாதிரி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லன்னு நிபந்தனை போடறது. நல்லாத்தான் போட்டேன். கேடயம்கூட குடுத்தாங்க."

"அப்புறம்?"

"அந்தக் கேடயத்த அம்மா ஜன்னலுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்கு."

இங்கே வந்ததும் மஸ்தான் பாயிடம் அவள் கேட்டது ஒன்றுதான். உழைக்கிற பெண்களுக்கு இந்தச் சட்டை பாதி விலையில் போகவேண்டும். பாய் யோசித்தார். முழு விலைக்கு சித்தாள் வாங்க மாட்டாள் என்பது அவருக்கும் தெரியும். சரி என்றார். பாதி விலைச் சட்டையில் லாபம் இல்லை, நட்டமும் இல்லை. மற்றவர்கள் கொடுக்கிற முழு விலையில் கூடம் ஓடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஊருக்குள் இருந்தவரைக்கும்.

பிறகு யாரோ ஒரு பட்டணத்துப் பெண் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிரிவலப் பாதையில் நின்று படம் எடுத்துப் போட்டுவிட்டாள். படம் பரவியது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் குவிந்தது. நான் கட்டிய பார்சல்களில் முக்கால்வாசி குளுகுளு அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குப் போனது. வாங்கட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேரும் பாதி விலையில் வாங்கினார்கள். 'நான் உழைக்கும் பெண்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் விரலை வைத்தால் போதும், பாதி விலை. யார்தான் வைக்கமாட்டார்கள்? உழைக்கவில்லை என்று எந்தப் பெண் சொல்வாள்?

மஸ்தான் பாய்க்குத் துணி வாங்கக் கை வறண்டது. "பேஜாரா போச்சும்மா" என்றார். "யாருக்குன்னு வெச்சோமோ அவங்களுக்குப் போவல. எடுத்துடலாம்."

"இருங்க மாமு. நிபந்தனைய சரியா போடறேன்."

பாயின் மகன் முபின் சிரித்தான். கோயம்புத்தூரில் வியாபாரம் படித்தவன். கெட்டவன் இல்லை, ஆனால் எதையும் உடைத்துக் காட்டினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். "நீ போடு ரூக்ஸார், நான் ஒடைக்கிறேன்" என்றான்.

முதலில் அவள் ஒரு ரகசியச் சொல் வைத்தாள். வேலை நடக்கிற இடங்களில் துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்தோம். அந்தச் சொல்லைப் போட்டால்தான் பாதி விலை. காலையில் சீட்டு கொடுத்தோம், சாயங்காலத்துக்குள் பெங்களூர்க்காரர்கள் அந்தச் சொல்லைப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சீட்டைப் படம் பிடித்துப் பரப்பியது யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. முபின் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அடுத்து நூறுநாள் வேலை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். முபின் யாருடைய அட்டையையோ அனுப்பி சட்டை வாங்கினான். அது பெரிதில்லை. வந்த மற்ற படங்களைப் பார்த்துவிட்டு அவளே அதை எடுத்துவிட்டாள். அட்டையோடு வீட்டு வாசல், கிழிந்த பாய், பால் குடிக்கிற குழந்தை எல்லாம் படத்தில் விழுந்திருந்தன. "ஒரு சட்டைக்காக இவங்க வூட்டுக்குள்ள நான் எட்டிப் பாக்கறேன். வேணாம்" என்றாள்.

மூன்றாவது நிபந்தனை கம்பெனிக்காரர்கள் எல்லோரும் வைப்பது. ஒரு செல் நம்பருக்கு ஒரு சட்டை. ஒரு விலாசத்துக்கு ஒரு சட்டை. மொத்தமாக வாங்கி விற்கிறவனும், ஒரே ஆள் பத்து தடவை வாங்குவதும் அதில் மாட்டும். பாய்க்கு இது பிடித்தது. "இது நல்ல பூட்டு" என்றார். "பௌர்ணமி வரைக்கும் பாக்கறேன். இதுவும் சரியா வரலன்னா பௌர்ணமிக்கு மறுநாள் பாதி வெல கெடையாது. என்னால தாங்க முடியாதும்மா, அல்லா சத்தியமா."

ரூக்ஸார் தலையாட்டினாள். அவள் முகத்தில் எனக்குத் தெரிந்தது பயம்தான். இந்தச் சலுகை போனால் அவள் சென்னையிலிருந்து எதற்காகத் திரும்பி வந்தாளோ அதுவே போனது. பிறகு அவள் வெறும் ஆர்டர் பார்க்கிற பெண்.

இரண்டு நாள் கழித்து ஜோதியம்மாள் வந்தாள்.

அடி அண்ணாமலைக்காரி. சித்தாள். ஆள் ஒல்லிதான், குரல் மட்டும் நாலு ஆள் கனம். கூடவே அவள் தங்கை மகள் கவிநிலா, கையில் செல்போனோடு, எங்கே ஒளிவது என்று தெரியாமல். ஜோதியம்மாளின் முழங்கை வரை சுண்ணாம்பும் சிமெண்டும் அரித்த தழும்பு. கூடத்து வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"யாருய்யா இங்க எனக்குத் தகுதி இல்லன்னு எய்தினது?"

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இன்னாம்மா சொல்றீங்க?" என்றார் பாய்.

"நான் சொல்லலய்யா, உங்க மிஷின் சொல்லுது. படிடி."

கவிநிலா தரையைப் பார்த்துக்கொண்டு படித்தாள். "நீங்கள் இந்தச் சலுகைக்குத் தகுதியற்றவர்."

"கேட்டீங்களா? என் புருஷன் முப்பது வருசமா குடிச்சிட்டு வந்து கண்டதையும் சொல்லுவான். அவன்கூட இந்த வார்த்தைய சொன்னதில்ல. நேத்து வந்த டப்பா சொல்லுது!"

யாரோ சிரித்துவிட்டார்கள். ஜோதியம்மாளும் பாதி சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். அவர்கள் கூட்டத்தில் ஆன்லைனில் வாங்கத் தெரிந்த ஒரே ஆள் கவிநிலா. எல்லோருக்கும் அவள் செல்போன்தான். விலாசமும் ஒன்றுதான், ரேஷன் கடை எதிரில் என்று. முதல் சட்டை போனது. இரண்டாவது சட்டைக்கு மிஷின் பூட்டிக்கொண்டது. ஒரே நம்பர், ஒரே விலாசம், திரும்பத் திரும்ப ஆர்டர். மிஷினுக்கு அவள் திருட்டு வியாபாரி. கைக்கு ஒரு போன், தலைக்கு ஒரு விலாசம் வைத்திருக்கிற பட்டணத்துக்காரர்களோ ஒருவர் பாக்கியில்லாமல் உள்ளே போய்விட்டார்கள்.

அந்தத் தமிழ் வாக்கியம் மென்பொருளோடு வந்தது. ரூக்ஸார் அதை மாற்றாமல் விட்டிருந்தாள். இப்போது எழுந்து வந்தாள். "அக்கா, அந்த வார்த்தைக்கு நான்தான் பொறுப்பு. தப்பு என்னுது."

"நீயா? பாத்தா நல்ல பொண்ணாட்டம் கீற."

மஸ்தான் பாய் சமாதானத்துக்கு ஒரு சட்டையை எடுத்து நீட்டினார். "இந்தாம்மா, நேரா எடுத்துக்கினு போங்க. பாதி வெலதான்."

ஜோதியம்மாள் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிடித்திருந்தது, அது நன்றாகத் தெரிந்தது. பிறகு திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு மட்டும்னா இன்னா பிரயோஜனம் பாய்? நாளைக்கு இத போட்டுக்கினு வண்டியில ஏறினா என் செட்டு என்ன கீழ தள்ளிடும். வாங்கினா செட்டுக்கு வாங்கணும். இல்லன்னா வேணாம்."

அவர்கள் போனபிறகு மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. ரூக்ஸார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். "சக்தி அண்ணா, செட்டுன்னா எத்தினி பேரு?"

"அதுக்கு கணக்கில்லம்மா. ஒன்னா வேலைக்குப் போறவங்க செட்டு. சேந்து ஏறுவாங்க, சேந்து எறங்குவாங்க. ஒருத்திக்கு ஒடம்பு முடியலன்னா மத்தவங்க அவ வேலையையும் இழுத்துப் போட்டு செய்வாங்க. நாங்க மூட்டை தூக்கறப்போ நாங்களும் செட்டுதான்."

"நான் ஆள் ஆளா பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். எனக்குச் சொன்னதுபோல் இல்லை.

மறுநாள் காலை என்னையும் கூப்பிட்டுக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வந்தாள். அவள் ஸ்கூட்டியில், நான் என் மொபெட்டில். வேலைக்கு ஆள் ஏற்றுகிற வேன் வருகிற இடத்தில் ஜோதியம்மாளும் மற்ற பெண்களும் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். மேஸ்திரி ஒரு சிமெண்டுச் சாக்கைக் கொண்டுவந்து கவிழ்த்தார். முந்தின நாள் வேலை முடிந்ததும் எல்லோரும் கழற்றிப் போட்ட பழைய சட்டைகள் அதில் ஒரே குவியலாக இருந்தன. அப்புறம் நடந்ததை நான் எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன், ஆனால் நின்று பார்த்ததில்லை.

"ஏய், அது என் சட்டை, உடு."

"உன் பேரு எய்திக்கீதா அதுல? என் மாமன் சட்டைடி இது, வாசனை பாரு."

"உன் மாமன் வாசனை ஊருக்கே தெரியும், எனக்கு எதுக்கு? கீழ் பட்டன் செவப்பு, அது என்னுது!"

ஒருத்தி காலரில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ஒருத்தி கையில் பெயிண்டைத் தடவி வைத்திருந்தாள். அப்படியும் சண்டைதான். வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். ஜோதியம்மாள் ரூக்ஸாரைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, எங்க தகுதிய பாக்க நேர்லயே வந்துட்டியா?"

"சண்டைய பாக்க வந்தேங்க்கா."

"தெனம் நடக்கும். டிக்கெட் கெடையாது, நாளைக்கும் வா."

வேன் போய்விட்டது. ரூக்ஸார் அங்கேயே நின்று ஒரு டீ குடித்தாள். இன்னொரு டீ போடச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால் கைதேர்ந்த ஆள் அதைச் சுற்றி ஒரு நடை நடப்பான். எங்கே கை கொடுத்தால் கனம் தானாக மேலே வரும் என்று பார்ப்பான். கண்டுபிடித்தபிறகு அவசரப்பட மாட்டான். அவள் அப்படித்தான் டீ குடித்தாள்.

அன்று மத்தியானம் பாய் முன்னாலும் முபின் முன்னாலும் சொன்னாள். "நம்பர் நிபந்தனை, விலாச நிபந்தனை ரெண்டையும் எடுத்துட்டேன் மாமு."

"எடுத்துட்டியா? பூட்ட கழட்டிட்டு திருடன புடிப்பியா?"

"இனிமே பாதி வெல தனி ஆளுக்குக் கெடையாது. செட்டுக்குத்தான். கொறைஞ்சது அஞ்சு பேரு, ஒரே ஆர்டர், ஒரே பார்சல், ஒரே எடம். யாரு, எவரு, இன்னா வேலைன்னு ஒரு கேள்வியும் கெடையாது. ஒவ்வொரு சட்டையிலயும் போடறவங்க பேரை மட்டும் குடுக்கணும். அந்தப் பேர நெஞ்சுல, பெரிய எழுத்துல, செவப்பு நூல்ல நாமே தெச்சுக் குடுப்போம்."

முபின் கை தட்டினான். "இவ்ளோதானா? அஞ்சு இன்னா, பத்து பேரு நானே எழுதுவேன். பத்து பொய்ப் பேரு யோசிக்க எனக்கு பத்து நிமிசம் ஆவாது."

"எழுது. ஒன்ன தடுக்கறதுக்கு இதுல ஒன்னுமே இல்ல."

பாய்க்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது முழுக்கப் புரியவில்லை. "பட்டணத்துப் பொண்ணுங்களும் அஞ்சு பேரா சேந்து வாங்கினா?" என்று கேட்டேன்.

"அஞ்சு பேரு பேசி, அளவு கேட்டு, பேரு குடுத்து, ஒரே எடத்துல வந்து வாங்கிக்கினு, நெஞ்சுல பேரோட போட்டுக்கறாங்கன்னா போட்டுக்கட்டும்ணா. அவ்ளோ பாடு படறவங்க ஜாஸ்தி இருக்க மாட்டாங்க. ஒத்த ஆளா சோபாவுல படுத்துக்கினு வெரல வெக்கறவங்கதான் ஜாஸ்தி."

அந்தத் தமிழ் வாக்கியத்தையும் மாற்றினாள். அதற்குத்தான் நாள் முழுக்க ஆனது. எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் தனியாக வந்து பாதி விலை கேட்கிறவர்களுக்குத் திரையில் இப்படி வந்தது: 'இது செட்டுக்கான விலை. செட்டு சேர்த்துக்கிட்டு வாங்க.' தகுதி என்ற சொல்லே இல்லை. நீ யார் என்று அது சொல்லவில்லை. என்ன செய்தால் கிடைக்கும் என்று மட்டும் சொன்னது. நான் மண்டிக் கேட்டிலும், ஆஸ்பத்திரி வாசலிலும், பேங்க் வாசலிலும் எத்தனையோ 'இல்லை, போ' கேட்டவன். 'இல்லை'யைச் சொல்லும்போதே வழியையும் சொல்லி அனுப்புகிற கதவை அன்றுதான் பார்த்தேன்.

பேர் தைக்கிற வேலை குர்ஷித் பேகத்துக்கு வந்தது. "நீ கம்ப்யூட்டர்ல ஒரு வரி எழுதின. எனக்கு முதுகு ஒடியுது" என்று மகளைத் திட்டினாள். திட்டிக்கொண்டே எழுத்தை அழகாக வளைத்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவளும் தன் பேரைக் கண்டுகொள்ளும்படி கனமான எழுத்து.

முதல் செட்டு ஜோதியம்மாளுடையதுதான். கவிநிலா ஒரே ஆர்டரில் எல்லோரையும் போட்டாள். பார்சலை நானே கொண்டுபோனேன். மேஸ்திரி சாக்கைக் கவிழ்க்க வேண்டிய வேலை இல்லாமல் போனது. ஜோதியம்மாள் நெஞ்சிலிருந்த எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள். "இதுல எது ஜோ?" என்று கவிநிலாவைக் கேட்டாள். அவள் காட்டியதும், "நல்லா குண்டாத்தான் கீது, என்னாட்டம் இல்ல" என்றாள்.

அதற்குப்பிறகு கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து மல்லாட்டை பிடுங்குகிற செட்டு, நாற்று நடுகிற செட்டு, ரோடு போடுகிற செட்டு என்று வர ஆரம்பித்தது. பட்டணத்துக்காரர்கள் பேர் தைக்காத சட்டையை முழு விலைக்கு வாங்கினார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது குறைந்த விலைதான்.

ஒரு குறை இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். செட்டு இல்லாதவர்கள் இருக்கிறார்கள். கிரிவலப் பாதையில் ஒப்பந்தக்காரரிடம் ஒற்றை ஆளாகக் கூட்டுகிற பெண் ஒருத்தி வந்து, "நான் யாரோட சேர்றது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ரூக்ஸார் என் பக்கம் திரும்பினாள். "எல்லாரையும் புடிக்கிற நிபந்தனை கெடையாதுண்ணா. யார உடறோம்னு தெரிஞ்சு உடணும், அவ்ளோதான்" என்றாள். சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள்.

பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் வந்த கூட்டம் வடிந்து, தெருவில் தண்ணீர்ப் பாட்டில்களும் செருப்புகளும் கிடந்தன. முபின் ஒரு பெரிய பார்சலைக் கொண்டுவந்து அப்பா மேஜைமேல் போட்டான். என் கையால் கட்டிய பார்சல். கீழ்பென்னாத்தூரில் அவன் நண்பன் வீட்டு விலாசம்.

"அத்தா, பத்து சட்டை. பாதி வெல. பத்து பேரும் பொய்ப் பேரு. எல்லாம் என் காலேஜ் பொண்ணுங்க பேரு. ஒடைச்சிட்டேன்."

பார்சலைப் பிரித்தான். கீர்த்தனா. ரூபீனா. கீர்த்தனா, இன்னொரு தடவை. சோம்பேறி, பத்து பேர்கூட உருப்படியாக யோசிக்கவில்லை.

மஸ்தான் பாய் ரூக்ஸாரைப் பார்த்தார். "பேச்சு பேச்சுதாம்மா. ஒடைஞ்சா எடுத்துடறதுன்னு சொல்லிட்டேன்."

குர்ஷித் பேகம் மிஷினில் வைத்த துணியை எடுக்காமல் மகளைப் பார்த்தாள்.

ரூக்ஸார் ஒரு சட்டையை எடுத்து விரித்தாள். நெஞ்சு முழுக்கச் சிவப்பாகக் கீர்த்தனா. "நான் நிபந்தனை போட்டது முபின் வாங்கக்கூடாதுன்னு இல்ல மாமு. வாங்கினா அவனுக்குப் பிரயோஜனம் இருக்கக்கூடாதுன்னு. வியாபாரி எதுக்கு பாதி வெலைக்கு வாங்கறான்? முழு வெலைக்கு விக்க. விக்கட்டும். ஒரே ஒரு சட்டைய பாதி வெலைக்கு ஒரு ரூபா மேல வித்துட்டு வரட்டும். அப்போ ஒடைஞ்சதுன்னு நானே ஒத்துக்கினு சலுகைய அழிச்சிடறேன்."

முபின் சிரித்தான். "இதுல இன்னா கஷ்டம்?"

"நூல பிரிச்சி விக்கலாம்னு பாக்காத. எங்கம்மா தையல் அது. பிரிச்சா துணியில சல்லடை கண்ணு உழும்."

பாய் தாடியைத் தடவினார். "ஒரு வாரம்" என்றார்.

முபின் ஆன்லைனில் போட்டான். நெஞ்சில் யாரோ ஒரு கீர்த்தனாவைச் சுமக்க எவளும் தயாராக இல்லை. ஒரு பெண் மட்டும் எழுதிக் கேட்டாளாம்: என் பேர் மோனிஷா, மோனிஷா இருக்கிறதா? நிஜமான கீர்த்தனாவுக்கே போன் பண்ணினான். கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறவள். இத்தனை நாள் கழித்து என் பேரை ஏன் சட்டையில் தைத்து வைத்திருக்கிறாய் என்று அவள் கேட்ட கேள்வியில் போனை வைத்துவிட்டான். நூலைப் பிரித்தும் பார்த்தான். சல்லடைதான் விழுந்தது. அதை அவனே வீட்டில் பைக் துடைக்க வைத்துக்கொண்டான்.

வாரம் முடிகிற அன்று காலையில் அவன் என்னிடம் வந்தான். "சக்தி அண்ணா, அந்த வேன் வர்ற எடம் எங்க?"

அடி அண்ணாமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரூக்ஸாரும் வந்தாள். முபின் வண்டிமேல் சட்டைகளை விரித்தான். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எவ்ளோ தம்பி?" என்றாள் ஜோதியம்மாள்.

முபின் முழு விலையைச் சொன்னான். அவள் தன் நெஞ்சில் தட்டிக் காட்டினாள். "இத பாதிக்கு வாங்கினேன். சொந்தப் பேரோட. நீ அடுத்தவ பேர மாட்டிவிட்டு முழுசா கேக்கற? உனக்கு இன்னா பைத்தியமா?"

கொஞ்சம் குறைத்தான். இன்னும் கொஞ்சம். கடைசியில் அவன் வாங்கிய பாதி விலையிலேயே வந்து நின்றது, அதற்கு மேல் ஒரு காசு ஏறவில்லை. இறங்கவும் விடாமல் பார்த்துக்கொண்டது ரூக்ஸார்தான். "அக்கா, அந்த வெல ஞாயம். அதுக்குக் கீழ கேக்காதீங்க. அவனுக்குக் கை கடிக்கும்" என்றாள். அவனுக்காகப் பேசினாள். முபின் அவளை நிமிர்ந்து பார்த்தான், சிரிக்கவில்லை.

ஒன்றைத் துவைத்தால் ஒன்று வேண்டும் என்று ஆளுக்கொன்று எடுத்தார்கள். பேரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஜோதியம்மாள் ஒரு கீர்த்தனாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"திங்கக்கெழம ஜோதியம்மா, செவ்வாக்கெழம கீர்த்தனா. எப்டி கீது?"

"கண்ணு கூசுது" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

ஒரே ஒரு சட்டை மிச்சம். ரூபீனா. ரூக்ஸார் அதை அவனிடமிருந்து அதே விலைக்கு வாங்கினாள். திரும்பி வரும்போது கிரிவலப் பாதையில் கூட்டிக்கொண்டிருந்த அந்த ஒற்றைப் பெண்ணின் பக்கத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி விலையைச் சொன்னாள். அந்தப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்து வாங்கினாள். எல்லோருக்கும் ஒரே விலை.

கூடத்துக்கு வந்ததும் முபின் அப்பாவிடம் போய் நின்றான். "ஒடையல அத்தா. பாதி வெலைக்கு வாங்கினத பாதி வெலைக்கு சித்தாளுங்ககிட்டயே வித்துட்டு வந்தேன். உங்களுக்கு பார்சல் கொண்டுபோற செலவு மிச்சம்."

மஸ்தான் பாய் அவனைப் பார்த்தார். பிறகு ரூக்ஸாரைப் பார்த்தார். புகழ்ந்து பேசத் தெரியாத மனிதர் அவர். துணிக்கட்டை இழுத்து மேஜைமேல் புரட்டிப் போட்டுவிட்டு, கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு, "செட்டு சட்டை வெட்டு" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பார்சல் போடப் போகும் வழியில் ஜோதியம்மாள் வேலை செய்கிற கட்டடத்தைத் தாண்டினேன். மேலே சாரத்தில் நின்ற மேஸ்திரி கீழே பார்த்துக் கத்தினார்.

"ஏ கீர்த்தனா! கலவை எடுத்தா!"

"வரேன்யா, கத்தாத" என்று ஜோதியம்மாள் சட்டியைத் தலைக்கு ஏற்றினாள். கட்டைவிரல் வளையத்தில் மாட்டியிருந்தது. கை மேலே ஏறவில்லை.